ஸ்லாப்களுக்கு நடுவே செயற்கைப் புல்: கத்தியை எடுக்கும் முன் மண்வெட்டியை எடுங்கள்

கேள்வி: முற்றத்தில் பதித்திருக்கும் கான்கிரீட் ஸ்லாப்களின் இடைவெளிகளில் செயற்கைப் புல்லைப் பட்டை பட்டையாக வெட்டிப் பதிக்க நினைக்கிறேன். இப்போது அங்கே வெறும் மண்தான் இருக்கிறது. ஆள் வைக்காமல் நானே செய்ய முடியுமா? மண் மீது வைத்து அப்படியே ஒட்டிவிடலாமா?

பதில்:

நீங்களே செய்யலாம். ஒட்டுவதை மட்டும் மறந்துவிடுங்கள்.

இந்த வேலையை ஒரே முற்றத்தில் இரண்டு முறை செய்தவன் நான். முதல் முறை ஒரே மாலையில் முடித்துவிட்டு, எட்டாவது மாதத்தில் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டேன். இரண்டாம் முறை முழுதாக இரண்டு நாள் பிடித்தது. இது நான்காவது ஆண்டு, இன்னும் அசையவில்லை. அந்த இரண்டு நாளில் புல்லைத் தொட்டது மூன்று மணி நேரம்தான். மீதி நேரம் முழுவதும் தோண்டுவதிலும் கொட்டுவதிலும் இடிப்பதிலும் போயிற்று.

எங்கள் முற்றத்தில் 12 ஸ்லாப்கள். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் சதுரம், 7.5 சென்டிமீட்டர் கனம். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, நடுவே எல்லாப் பக்கமும் 8 சென்டிமீட்டர் இடைவெளி. இடைவெளிகளின் நீளத்தை எல்லாம் கூட்டினாலும் 11 மீட்டரை எட்டாது. பரப்பு ஒரு சதுர மீட்டருக்கும் குறைவு. இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு ஆயத்தமா என்று எண்ணியதில்தான் முதல் முறை கெட்டது. மண்ணைக் கையால் தடவிச் சமமாக்கினேன், கத்தரிக்கோலால் புல்லை நறுக்கினேன், ஓரங்களில் பசையைப் பிதுக்கி ஸ்லாப்பின் பக்கவாட்டில் அழுத்தினேன். அன்று இரவு விளக்கைப் போட்டுப் பார்த்தபோது படத்தில் வருவது போலவே இருந்தது. எனக்கே என் மீது பெருமையாக இருந்தது.

பிறகு மழை வந்தது.

ஸ்லாப்பில் விழும் தண்ணீர் ஸ்லாப்புக்குள் இறங்காது. அது ஓடி இறங்குவது இடைவெளிகளில்தான். எங்கள் முற்றத்தில் ஸ்லாப்களின் பரப்பு 4.3 சதுர மீட்டருக்குச் சற்று மேல்; இடைவெளியின் பரப்பு 0.85 சதுர மீட்டர். வெளி ஓரங்களில் வழிந்துபோவதைக் கழித்தால்கூட, அந்தப் பச்சைப் பட்டை தன் மேல் நேராக விழும் மழையைப் போல நான்கைந்து மடங்கைக் குடித்தாக வேண்டும். அதாவது நீங்கள் பதிக்கப்போவது வடிகால். புல் அதன் மூடி. நான் மூடியை மட்டும் செய்திருந்தேன். மண் சேறாகி இளகியது, பட்டை ஒரு பக்கம் அமிழ்ந்து மறுபக்கம் தூக்கியது, பசை ஈரத்தில் விட்டுக்கொண்டது. மூன்றாவது மழைக்குப் பிறகு அழுகிய இலையின் வாடை. குனிந்து ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கருப்பாக, வழவழவென்று ஒரு படலம். அதற்குள் மண்புழு ஒன்று என்னைவிட நிம்மதியாக இருந்தது.

ஆகவே முதலில் ரசமட்டத்தை வைத்து ஸ்லாப்களின் வாட்டத்தைப் பாருங்கள். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு, வீட்டுச் சுவரை விட்டு விலகிப் போவதாக இருந்தால் போதும். வாட்டம் சுவரைப் பார்த்து இருந்தால் புல்லை ஒத்திவையுங்கள், அது கொத்தனார் வேலை. ஸ்லாப்களுக்கு அடியில் மண் இல்லாமல் முழுக் கான்கிரீட் தளம் இருந்தாலும் கவனம் வேண்டும். அப்போது இடைவெளி என்பது அடைத்த தொட்டி. தண்ணீர் வெளியேற ஒரு முனையாவது திறந்திருக்க வேண்டும். உங்களுக்கு அடியில் மண் இருக்கிறது என்கிறீர்கள், அதுவே நல்ல தொடக்கம்.

எவ்வளவு தோண்டுவது என்பதில் பலர் தாராளமாகப் போய்விடுகிறார்கள். ஸ்லாப்பின் அடிமட்டம் வரை தோண்டுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். ஸ்லாப் உட்கார்ந்திருக்கும் மணல் படுகை பக்கவாட்டில் சரிந்து குழிக்குள் வந்துவிடும். சில மாதங்களில் ஸ்லாப் ஒரு மூலையில் ஆடத் தொடங்கும். குழியின் அடியிலும் இரு பக்கமும் ஜியோடெக்ஸ்டைல் துணியை மடித்து விரியுங்கள். அது தண்ணீரை விடும், மணலை விடாது. கீழிருந்து களை முளைப்பதையும் தடுக்கும். பிளாஸ்டிக் தாள் போட்டால் களை வராதே என்று ஒரு நண்பர் கேட்டார். களை வராதுதான், தண்ணீரும் போகாது.

துணியின் மேல் நுண்ஜல்லி, அதன் மேல் கொஞ்சம் கரடான கல் தூள். மாவு போன்ற தூளை மட்டும் கொட்டினால் அது ஈரத்தில் இறுகி, தண்ணீரை விடாத பூச்சாகிவிடும். பாதி கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, இடித்து, பிறகு மீதியைக் கொட்டுங்கள். 8 சென்டிமீட்டர் இடைவெளிக்குள் எந்தத் திமிசும் நுழையாது. இடைவெளியைவிட ஒரு விரல் அகலம் குறைந்த கனத்த மரக்கட்டையை நிறுத்தி, தலையில் சுத்தியலால் அடித்தேன். தோள்பட்டை இரண்டு நாள் பேசியது. ஆனால் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகும் வரை நிறுத்தக் கூடாது.

இறுகிய பரப்பு ஸ்லாப்பின் மேல்மட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதைப் புல்லின் உயரம் தீர்மானிக்கும். என் புல் 30 மில்லிமீட்டர், அடித்துணி 2 மில்லிமீட்டர். தளத்தை 25 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். ஆக, இழைகள் ஸ்லாப்புக்கு மேலே 7 மில்லிமீட்டர் நிற்கும். இழைகள் சற்றுப் படுத்திருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். இழை மேலே எட்டிப் பார்ப்பதால்தான் வெட்டிய ஓரம் மறைகிறது. ஒரேயடியாக உயர்த்தினால் கால் தட்டும், நாற்காலி ஆடும். தாழ்த்தினால் பட்டை குப்பைத் தொட்டியாகும். கழிவுத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்து, உள்ளங்கையால் ஸ்லாப்பிலிருந்து புல்லுக்கு ஒரு தடவை தடவிப் பாருங்கள். கண்ணைவிடக் கை சரியாகச் சொல்லும்.

இப்போது புல். சுருளாக வந்ததை விரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் போட்டுவையுங்கள். சுருள் நினைப்பு மாறாத புல்லை வெட்டினால் பட்டையின் முனைகள் தூக்கிக்கொண்டே இருக்கும்.

வெட்டுவது எப்போதும் பின்பக்கத்திலிருந்து. புல்லைக் கவிழ்த்தால் அடித்துணியில் நூல் கோடுகள் போல இணையாகத் தையல் வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு புல் வரிசை. இரண்டு வரிகளுக்கு நடுவில் கட்டர் கத்தியை ஓட்டினால் ஒரு இழைகூட உதிராது. வரி மீதே கத்தி ஏறினால் அந்த வரிசை முழுக்க வேரறுந்து கொட்டும். மேலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய என் முதல் பட்டைகள் ஒரு மாதம் வரை முடி கொட்டின. இரும்பு மட்டக்கோலை வைத்து, அழுத்தாமல் இரண்டு மூன்று முறை இழுங்கள். இரண்டு மூன்று பட்டைக்கு ஒருமுறை அலகை மாற்றுங்கள். மொட்டைக் கத்தி அடித்துணியைக் கிழிக்கும், வெட்டாது.

அகலம் இடைவெளியைவிட 5 மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். இழுத்துத் திணித்தால் வெயிலில் விரியும்போது நடுவில் புடைக்கும். எல்லா இடைவெளியும் ஒரே அகலம் என்று நம்ப வேண்டாம். 8 சென்டிமீட்டர் என்று நான் எழுதியிருப்பது கொத்தனாரின் வாக்குமூலம். அளவுகோல் 76 மில்லிமீட்டரிலிருந்து 85 வரை சொன்னது. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்து, பட்டையின் முதுகில் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பட்ட அடுத்த அடி சாய்வு விஷயத்தில். செயற்கைப் புல்லின் இழைகள் நேராக நிற்பதில்லை, ஒரு பக்கம் லேசாகப் படுத்திருக்கும். வெல்வெட் துணியை ஒரு பக்கம் தடவினால் வெளிறியும் மறுபக்கம் தடவினால் கறுத்தும் தெரியும் அல்லவா, அதே கதைதான். முதல் முறை நான் எல்லாப் பட்டையையும் சுருளின் நீளவாக்கில் வெட்டி, குறுக்கு இடைவெளிகளுக்கும் அவற்றையே திருப்பி வைத்துவிட்டேன். மறுநாள் காலை மாடி ஜன்னலில் நின்று மனைவி கேட்டாள்: "அந்தக் குறுக்குப் பட்டைகள் மட்டும் ஏன் வேறு பச்சையாக இருக்கின்றன? புல் தீர்ந்துபோய் வேறு வாங்கினாயா?" கீழே நின்று பார்த்த எனக்கு அதுவரை தெரியவே இல்லை, சொன்ன பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

இதற்கு வழி, நெடுக்குப் பட்டைகளைச் சுருளின் நீளவாக்கிலும் குறுக்குப் பட்டைகளைச் சுருளின் அகலவாக்கிலும் வெட்டுவது. அப்போது எல்லா இழையும் ஒரே திசையில் சாயும். அகலவாக்கில் வெட்டும்போது கத்தி தையல் வரிகளைக் கடந்தே ஆக வேண்டும் என்பதால் ஓரத்தில் கொஞ்சம் உதிரும். அதற்கு விதிவிலக்கில்லை, பெருக்கித் தள்ளுங்கள். வெட்டும் முன் ஒவ்வொரு பட்டையின் முதுகிலும் சாய்வுத் திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அம்புகள் எல்லாம் வீட்டைப் பார்த்து இருந்தால், உள்ளே இருந்து பார்க்கும்போது புல் நிறைவாகத் தெரியும். சந்திப்புகளில் நெடுக்குப் பட்டையை அறுக்காமல் முழுதாக ஓடவிட்டு, குறுக்குத் துண்டுகளை அதன் இரு பக்கமும் முட்டவையுங்கள். மூலைகளைச் சாய்வாக வெட்டிப் பொருத்தும் நேர்த்தியெல்லாம் இங்கே வீண். இரண்டு வாரத்தில் இழைகள் கலந்து, இணைப்பு எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

இனி ஒட்டுவது பற்றி. மண்ணோ ஜல்லியோ பசையைப் பிடிக்காது. ஸ்லாப்பின் பக்கவாட்டில் ஒட்டினால் பின்னாளில் ஒரு பட்டையை மாற்றும்போது ஸ்லாப்பின் ஓரமும் சேர்ந்து பெயரும். துத்தநாகம் பூசிய 10 சென்டிமீட்டர் ஆணிகள் போதும். 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்று இடது ஓரம் அடுத்தது வலது ஓரம் என்று மாற்றி மாற்றி அடியுங்கள். முனைகளில் மட்டும் இரண்டு. அடிக்கும் முன் இரண்டு விரலால் வகிடு எடுப்பது போல இழைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆணித்தலைக்கு அடியில் இழை மாட்டினால் அந்த இடத்தில் சின்னச் சுழி ஒன்று நிரந்தரமாக நின்றுவிடும். ஆணித்தலை அடித்துணியைத் தொட்டதும் நிறுத்துங்கள், இன்னும் ஒரு அடி அடித்தால் குழி விழும். கீழே தண்ணீர்க் குழாயோ மின் கம்பியோ ஓடுகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அடியில் கான்கிரீட் இருப்பவர்களுக்கு மட்டும்தான் பசை. அவர்களும் தண்ணீர் போக வழி விட்டு, பொட்டுப் பொட்டாக வைக்க வேண்டும்.

கடைசியாகக் காய்ந்த சிலிக்கா மணல். சதுர மீட்டருக்கு ஐந்தாறு கிலோ கணக்கில் தூவி, சாய்வுக்கு எதிராகத் துடைப்பத்தால் வாருங்கள். குறுகிய பட்டைக்குத் தன் கனம் என்று ஒன்று இல்லாததால், மணல்தான் அதை அமர்த்தி வைக்கிறது, இழைகளையும் நிமிர்த்துகிறது.

'இவ்வளவு பாடுபடுவதற்கு நிஜப் புல்லையே நடலாமே' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நானும் நட்டுப் பார்த்தவன்தான். இரு பக்கமும் சுடும் கான்கிரீட், வேருக்கு நான்கு விரல் இடம், மேலே மிதிக்கும் கால்கள், கோடையைத் தாண்டவில்லை. செயற்கைப் புல் பெயர் வாங்கியதே இப்படி ஒரு தோல்வியில்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கம் 1965இல் திறந்தபோது உள்ளே நிஜப் புல்தான் இருந்தது. கூரையின் ஒளிபுகும் பிளாஸ்டிக் பலகைகள் கண்ணைக் கூசவைத்ததால் அவற்றுக்கு வண்ணம் அடித்தார்கள், வெயில் இல்லாமல் புல் செத்தது. 1966இல் செயற்கைப் புல் வந்தது. அரங்கத்தின் பெயரே புல்லுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் இரண்டு விஷயத்தை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். ஒன்று, நேர் வெயிலில் இது நிஜப் புல்லைப் போலக் குளுமையாக இருக்காது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். பட்டை குறுகலாக இருப்பதால் வெறுங்காலோடு தாண்டிவிடலாம், அவ்வளவே. இன்னொன்று, களை வரவே வராது என்பது பொய். கீழிருந்து வராது, மேலே படியும் தூசியில் காற்று கொண்டுவரும் விதை முளைக்கும். ஸ்லாப்பைப் பெருக்கும்போது குப்பையெல்லாம் பட்டைக்குள்தான் போய் விழும், ஆகையால் வாரம் ஒருமுறை கெட்டித் துடைப்பத்தால் பட்டையைத் தனியாக வார வேண்டும்.

மிஞ்சும் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள ஜன்னல் கண்ணாடி சில கோணங்களில் வெயிலைக் குவித்து அனுப்பும். எங்கள் வீட்டில் இரண்டாம் ஆண்டுக் கோடையில் ஜன்னலுக்கு எதிரே இருந்த பட்டையில் இரண்டு கை நீளத்துக்கு இழைகள் உருகிச் சுருண்டன. ஆணிகளைப் பிடுங்கி, மிச்சத் துண்டிலிருந்து ஒரு பட்டையை வெட்டிப் போட அரை மணி நேரம்தான் ஆனது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மறைப்பும் கட்டினேன். அந்த ஒரு பட்டை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் இளம்பச்சையாக இருக்கிறது. மனைவி இன்னும் மாடி ஜன்னலிலிருந்து அதைக் கவனிக்கவில்லை.