கை தட்டினால் பயபக்தி போய்விடுமா?

கேள்வி: எங்கள் ஆலயத்தில் வாலிபர்கள் கீபோர்டு, டிரம்ஸ் வைத்துக் கை தட்டிப் பாடுகிறார்கள். 'பூமியெல்லாம் அவருக்கு முன்பாக மௌனமாயிருக்கக்கடவது' என்று வேதத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி சொல்லியிருக்க, தேவ மகிமைக்கு முன் இந்த ஆர்ப்பாட்டம் தகுமா? நம் முன்னோர் கீர்த்தனைகளை எவ்வளவு பயபக்தியோடு பாடினார்கள்! சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் சொல்லி இதை நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், நாசரேத்

பதில்: ஐயா, நீங்கள் சொன்னது ஆபகூக் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனம். அதோடு வேதத்தை மூடிவிட்டீர்கள். அடுத்த அதிகாரம் முழுவதும் பாட்டு. கர்த்தர் வருகிறார், மலைகள் நடுங்குகின்றன, தீர்க்கதரிசியின் உதடு துடிக்கிறது, எலும்பு உக்குகிறது. அப்படி நடுங்கியவர்தான் இரண்டு வசனம் தள்ளி, 'நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்' என்கிறார். பாட்டை வாத்தியத்தில் வாசிக்கும்படி இராகத்தலைவன் கையில் ஒப்படைத்தும் விடுகிறார். மௌனமாயிருங்கள் என்று எழுதிய அதே கை!

அந்த மகிழ்ச்சி எங்கே பிறக்கிறது பாருங்கள்: அத்திமரம் துளிர்க்கவில்லை, வயல் விளையவில்லை, தொழுவத்தில் மாடில்லை. வானம் பார்த்த பூமியும் பனையும் நம்பி வாழ்ந்த நம் தேரிக்காட்டு ஜனங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. அது ஓய்ந்து இரண்டே வருஷத்தில், 1880-இல், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் கட்டிய பெரிய ஆலயம் பிரதிஷ்டையானது. வயிறு நிறைந்த பிறகுதான் கர்த்தரைத் துதிப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

கை தட்டுவதைப் பற்றி 47-ஆம் சங்கீதமே சொல்லிவிட்டது. கைகொட்டி ஆர்ப்பரியுங்கள் என்கிறது முதல் வசனம். ஏன் என்பதற்கு இரண்டாம் வசனம் தரும் காரணம், கர்த்தர் பயங்கரமானவர், மகத்துவமான ராஜா என்பது. பயமும் கைத்தாளமும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. நாம் ஏன் அவற்றைப் பிரிக்க வேண்டும்?

நெகேமியா எட்டாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். நியாயப்பிரமாணத்தைக் கேட்ட ஜனங்கள் அழுதார்கள். உங்கள் கணக்குப்படி அதுதான் சரியான பயபக்தி. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த கட்டளை வேறு: இது பரிசுத்தமான நாள், ஆகையால் அழாதிருங்கள், போய்க் கொழுமையானதைச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள். நம் ஊர் அசனப் பண்டிகையில் நான் காண்பது இதைத்தான். ஒரு வீட்டார் ஆடு கொடுக்கிறார்கள், இன்னொரு வீட்டார் அரிசி கொடுக்கிறார்கள், விடிய விடிய அண்டாவில் சோறு வேகிறது, பக்கத்துத் தெரு இந்துக் குடும்பமும் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகிறது. காலையில் பீடத்துக்கு முன் பாடிய ஸ்தோத்திரம் மத்தியானம் இலையில் வந்து விழுகிறது. அதை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

கீர்த்தனைகளை எனக்கும் உயிருக்கு உயிராகப் பிடிக்கும். ஆனால் 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் அவற்றை முணுமுணுப்பதற்காகவா இயற்றினார்? ராகமும் தாளமும் கட்டி, காலட்சேபமாக ஊர் கூட்டிப் பாடினார். இன்று பல ஆலயங்களில் ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பாருங்கள். கீர்த்தனைப் புத்தகம் கையில் இருக்கிறது, வாய் திறப்பதில்லை. மகிமையின் ராஜாவைக் கண்டவன் முகம் இப்படியா இருக்கும்? வாலிபர்களைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதை உங்களிடம் கேட்கிறேன்: போன ஞாயிறு நீங்கள் பாடினீர்களா?

வாலிபர்களுக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. மேடையில் நான்கு பேர் பாட, சபை முழுவதும் வேடிக்கை பார்த்தால் அது கச்சேரி. பாட்டிமார் கூடச் சேர்ந்து பாட முடியாத சுருதியில் பாட்டை எடுக்காதீர்கள்.

கமிட்டிக்குப் போவதானால் டிரம்ஸ் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பாட்டின் வார்த்தை எல்லார் காதிலும் விழ வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. கை தட்டுவதை நிறுத்தும்படி எழுதிய மனுவில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.