பழைய ஸ்மார்ட்போனில் டச்சும் ஸ்டைலஸும் வேலை செய்யவில்லை. போன் பழுதா, என் மாமியாருக்குத் தொடத் தெரியவில்லையா?

உங்கள் கேள்வியின் பின்பாதிதான் என்னை எழுத வைத்தது. மாமியாரின் பழைய போன் தொட்டால் திறப்பதில்லை, ரப்பர் முனை வைத்த ஸ்டைலஸ், அதாவது திரையைத் தொடும் பேனா, வாங்கிக் கொடுத்தும் பயனில்லை, ஆகவே அவருக்குத் தொடத் தெரியவில்லையோ என்று ஐயப்படுகிறீர்கள். இதே ஐயத்தை என் அம்மாவின் முகத்துக்கு நேராக ஒருவர் சொல்லக் கேட்டவன் நான். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குத் தொடத் தெரியும். உங்கள் மாமியாருக்கும் தெரியும் என்றே எண்ணுகிறேன். அவர் கையைச் சந்தேகிப்பதற்கு முன் திரை எந்த வகை என்று பாருங்கள்.

அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நக நுனியாலோ மூடி போட்ட பேனாவாலோ திரையை மெல்ல அழுத்துங்கள். போன் அதை ஏற்றுக்கொண்டால் அது ரெசிஸ்டிவ் திரை. நகத்துக்கு அசையாமல் விரல் சதைக்கு மட்டும் இணங்கினால் கெபாசிடிவ் திரை. முதல் வகையில் மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு அடுக்குகள் மிகச் சிறிய இடைவெளி விட்டு இருக்கும். மேலடுக்கு வளையும் பிளாஸ்டிக். அழுத்தும்போது இரண்டும் ஒட்டும் புள்ளியைப் போன் கண்டுபிடிக்கிறது. ஆகையால் எதனால் அழுத்துகிறோம் என்பது அதற்குப் பொருட்டல்ல. கம்பளிக் கையுறையோடு அழுத்தினாலும் வேலை செய்யும். இரண்டாம் வகையில் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்வலை ஒன்று உண்டு. விரல் நெருங்கும்போது அந்த வலையில் உள்ள மின்னூட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தைத்தான் போன் அளக்கிறது. அழுத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. 2007இல் ஐபோன் வந்த பிறகு இந்த இரண்டாம் வகை மெல்ல மெல்ல எல்லா விலைப் போன்களுக்கும் பரவியது என்றாலும், 2012இல் வந்த நோக்கியா ஆஷா 305 வரைக்கும் குறைந்த விலைப் போன்களில் ரெசிஸ்டிவ் திரை இருந்தது. எனவே 'பழைய டச் போன்' என்று மட்டும் சொன்னால் எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டைலஸ் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ரெசிஸ்டிவ் திரைக்குக் கூர்மையான, கெட்டியான பிளாஸ்டிக் முனை வேண்டும். ரப்பர் முனை அழுத்தத்தைப் பரப்பிவிடுவதால் எழுத்து எதுவும் ஒழுங்காக அமையாது. கெபாசிடிவ் திரையிலோ பிளாஸ்டிக் குச்சியால் எத்தனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதற்கு மின்சாரம் கடத்தும் ரப்பர் முனை வேண்டும். அது ஓரளவு தடித்திருக்க வேண்டும், ஏனென்றால் மிகச் சிறிய தொடுகையைப் போன் விரல் என்று எண்ணாமல் தள்ளிவிடும். அந்தப் பேனா நம் உடம்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு பிடித்தால் பெரும்பாலும் தடுமாறும். குளிருக்குப் பயந்து கையுறையைக் கழற்றாமல் ஸ்டைலஸைப் பிடித்துவிட்டு, பேனா மட்டம் என்று தூக்கி எறிந்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் வரிசையின் எஸ் பென், திரைக்குப் பின்னால் உள்ள தனித் தகடு எழுப்பும் மின்காந்த அலையால் இயங்குவது. அந்தப் பேனாவை அந்தத் தகடு இல்லாத போனில் வைத்தால் வெறும் குச்சிதான். நோட் போனில் திரை மாற்றிய பிறகு விரல் வேலை செய்து பேனா மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பேனாவைக் குறை சொல்லாமல் அந்தத் தகடும் அதன் இணைப்பும் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள்.

இனி என் அம்மாவின் கதைக்கு வருகிறேன். அம்மா கொழுந்து பறிப்பவர். ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் காய்த்துத் தடித்திருக்கும், வெடிப்புகளில் கறை ஏறியிருக்கும். அவரிடம் வெகுநாள் இருந்தது நோக்கியா 5800. 2008இல் அறிமுகமான ரெசிஸ்டிவ் திரைப் போன், பின்மூடியில் செருகி வைக்கும் ஸ்டைலஸோடு வந்தது. மழையில் நனைந்த கையோடும் காய்ந்து வெடித்த கையோடும் அதை அவர் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். 2017 ஜூன் 30உடன் அந்த வகை நோக்கியாக்களுக்கு வாட்ஸ்அப் நின்றுபோயிற்று. பச்சைத் தேயிலை விலையும், கொழுந்து எடுக்கும் வண்டி வரும் நேரமும், சொந்தக்காரர் வீட்டுச் சேதியும் வாட்ஸ்அப் குழுவில்தான் வரும் என்று ஆகிவிட்டதால், நான் வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அந்த ஐப்பசி கார்த்திகையில் போன் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. பகலில் தோட்டத்தில் அம்மா தொட்டால் அசையாது. இரவில் சார்ஜில் கிடக்கும்போது தானாகவே யாருக்கோ அழைப்புப் போகும், எழுத்துகள் தாமாக ஓடும். பழுது பார்க்கும் கடைக்கு நானும் அம்மாவும் போனோம். கடைக்காரர் போனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிஸ்பிளே போய்விட்டது, மாற்றினால் போன் விலைக்கே வரும் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் வராதும்மா, பேசாம பட்டன் போனே வாங்கிக்கோங்க" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதன் பிறகு யாராவது எதிரில் இருந்தால் அம்மா அந்தப் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஒரு பொருளின் குறையைச் சொல்லி முடிக்க வேண்டிய இடத்தில், அதைப் பிடித்திருக்கும் மனுஷியின் குறையாக அதை மாற்றிவிடுகிறோம். இன்றும் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை நீங்களும் செய்யலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போய், 'பில்ட் நம்பர்' என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் பட்டியல் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால், விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். திரை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக விரலை இழுத்துப் பாருங்கள். கோடு எப்போதும் ஒரே பட்டையில் அறுந்தால் திரையில்தான் பழுது. அதை மாற்றத்தான் வேண்டும். எங்கள் போனில் கோடு எங்கும் அறுபடவில்லை. சார்ஜரைச் செருகியதும் மட்டும், யாரும் தொடாத இடங்களில் கோடுகள் சிதறின. போனோடு வந்த சார்ஜருக்குப் பதிலாக யாரோ வாங்கி வைத்த மலிவுச் சார்ஜர் அது. அத்தகைய சார்ஜர்கள் விடும் மின் இரைச்சலைத் திரை விரல் என்று தவறாக எடுத்துக்கொள்கிறது. சார்ஜரை மாற்றிய அன்றே இரவு அழைப்புகள் நின்றன. கடையில் டிஸ்பிளே மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், தானாகத் தொடும் அந்தப் பேயும் போயிருக்காது.

பகலில் அசையாததற்குக் காரணம் வேறு. காய்த்த தோல் காய்ந்து தடித்திருக்கும்போது, உள்ளே ஈரமுள்ள சதை கண்ணாடியிலிருந்து தள்ளிப்போய்விடுகிறது. மின்வலைக்குக் கிடைக்கும் மாற்றம் குறைந்துவிடுகிறது. அதன் மேல் தடித்த டெம்பர்டு கிளாஸும் ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். அதை உரித்தேன். காய்ப்பு இல்லாத மோதிர விரலால் தொடச் சொன்னேன். ஆள்காட்டி விரலேதான் வேண்டும் என்றால் ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொண்டு தொடலாம். ஆனால் திரையில் நீர்த்துளி நிற்கக் கூடாது, துளியையும் விரலாக எண்ணிப் போன் குழம்பும். மூடுபனியில் குளிர்ந்த போனை வெந்நீர் கொதிக்கும் சமையலறைக்குள் கொண்டுவந்தவுடன் அதன் மேல் ஆவி படியும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் தொடுவது நல்லது, அடுப்பருகே வைத்து உலர்த்துவது கூடாது. இவற்றோடு நல்ல ரப்பர் முனை ஸ்டைலஸ் ஒன்றும் வாங்கிக் கொடுத்த பிறகு அம்மா குழுவில் தாமே குரல் செய்தி அனுப்புகிறார். விரலை எடுக்கச் சற்றுத் தாமதிப்பவர்களுக்கு, செட்டிங்ஸின் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) பகுதியில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீட்டி வைத்தால், ஐகான்கள் இடம் மாறிப் போவதும் தேவையில்லாத மெனு திறப்பதும் குறையும்.

உங்கள் மாமியாருடையது ரெசிஸ்டிவ் திரையாக இருந்தால் வழி இன்னும் எளிது. தொட்ட இடம் ஒன்றும் திறக்கும் இடம் வேறுமாக இருக்கிறதா? முதலில் போனை அணைத்துவிட்டு, திரையும் சட்டமும் சேரும் விளிம்பில் ஒரு மெல்லிய அட்டையின் ஓரத்தை ஓட்டி அழுக்கை எடுங்கள். அங்கே அடைந்த தூசி ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தால் போன் அதையும் தொடுகையாகவே கொள்ளும். பிறகு அளவு திருத்துங்கள். 5800இல் செட்டிங்ஸ், போன், டச் இன்புட் என்று போனால் டச் ஸ்கிரீன் காலிபரேஷன் இருக்கும். திரையில் வரும் குறிகளை ஸ்டைலஸ் நுனியால் வரிசையாகத் தொட வேண்டும். விரலால் தொட்டால் குறி விலகும். பால்பாயிண்ட் பேனாவால் ஒருபோதும் தொடாதீர்கள். மேலடுக்கு பிளாஸ்டிக் என்பதால் கீறல் விழுந்து நிலைத்துவிடும். அப்படியும் ஒரு பட்டை செத்துக் கிடந்தால் பூச்சு தேய்ந்திருக்கும். பல மாடல்களில் மேலே உள்ள டச் தகடு தனி, அடியில் உள்ள டிஸ்பிளே தனி. தகட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

எந்தப் போனானாலும் பின்மூடி உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீங்கிய பேட்டரி திரையை அடியிலிருந்து தள்ளுவதாலும் டச் கெடும். அப்படி இருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திப் பேட்டரியை மாற்ற வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, புதுப் போன் வாங்கித் தராமல் பழையதை ஏன் கட்டி அழுகிறீர்கள் என்று கேட்க வருபவர்கள் இருப்பார்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் வங்கிச் செயலி வைக்கக் கூடாது என்பதை நான் ஏற்கிறேன். அம்மாவின் போனில் அதை வைக்கவில்லை. ஆனால் புதுப் போனின் திரையும் கெபாசிடிவ்தான். காய்த்த விரலும் மழையும் அதற்கும் அதே தொல்லையைத்தான் தரும். கடைக்காரர்கள் எல்லாரையும் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நேர்மையாகப் பார்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். என் கோபம் வேறு. கொழுந்து பறித்த விரலின் ரேகையைக் கருவி படிக்கவில்லை என்று ரேஷன் கடையில் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்லும்போதும், வரிசையில் நிற்பவர்கள் அந்தக் கையைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். கருவியைச் செய்தவர் இந்தக் கைகளை எண்ணிப் பார்க்கவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

நீங்கள் வாங்கிய ரப்பர் முனை ஸ்டைலஸை எறிந்துவிடாதீர்கள். நகச் சோதனையில் கெபாசிடிவ் என்று தெரிந்தால், சார்ஜரைக் கழற்றி, டெம்பர்டு கிளாஸை உரித்து, கையுறை இல்லாத கையால் அதே ஸ்டைலஸைப் பிடித்து மாமியாரையே தொடச் சொல்லிப் பாருங்கள். ரெசிஸ்டிவ் என்றால் கெட்டி முனைப் பிளாஸ்டிக் ஸ்டைலஸ் ஒன்று தேவைப்படும். போனின் மாடல் பெயரையும் பாயின்டர் லொகேஷனில் கோடு எங்கே அறுகிறது என்பதையும் கீழே எழுதினால், எனக்குத் தெரிந்த வரையில் மேற்கொண்டு சொல்கிறேன்.