பூல் டேபிள் புதுசா பழசா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்ல பசங்களும் நானும் ஆட ஒரு எட்டடி பூல் டேபிள் (குச்சியால பந்தைத் தட்டி பாக்கெட்னு சொல்ற ஓரக் குழியில விழவைக்கிற ஆட்ட மேசை) வாங்கலாம்னு இருக்கேன். ஒரு பக்கம் புத்தம் புதுசு, உள்ள எம்டிஎஃப் பலகை போட்டது, பார்க்க பளபளன்னு இருக்கு. இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட அதே காசுக்கு பதினஞ்சு வருஷ பழைய ஸ்லேட் டேபிள், துணி கிழிஞ்சு ஒரே சாக்பீஸ் கறை. வீட்டுக்காரம்மா பழசுன்னா உள்ளயே விடமாட்டேங்கிறாங்க. நீங்க சொல்லுங்க சார்.

பதில்: வீட்டுக்காரம்மா கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல, பழசைப் போய் பாருங்க. பூல் டேபிள்ல துணி, குஷன் (பந்து மோதித் திரும்புற ரப்பர் விளிம்பு), பாக்கெட் வலை எல்லாமே மாத்துற சமாச்சாரம், மாத்தினா புதுசு மாதிரி ஆயிடும். மாத்த முடியாதது அடியில கிடக்குற அந்தக் கல்லும் அதைத் தாங்குற சட்டமும்தான். ஸ்லேட்டுங்கிறது பாறை, ஈரத்துக்கு ஊதாது, வெயிலுக்கு வளையாது. எம்டிஎஃப் மரத்தூளை அமுக்கி செஞ்ச பலகை, நாலு மழைக்காலம் பார்த்துச்சுன்னா நடுவுல லேசா தொய்யும், அப்புறம் மெதுவா அடிச்ச பந்தெல்லாம் தானா ஒரு மூலைக்குப் போய் சேரும். அதை எந்த மெக்கானிக் வந்தாலும் நிமிர்த்த முடியாது. சில டேபிள்ல ஸ்லேட்டுனு காதுக்கு படுற மாதிரி ஏதோ ஒரு பேர் வச்சு விப்பாங்க, கல்லானு நேரா கேளுங்க, சுத்தி வளைச்சு பதில் வந்தா கல் இல்லைனு அர்த்தம்.

ஆனா பழசுன்னு கண்ணை மூடிட்டு வாங்கிடாதீங்க. முதல்ல கையில ஒரு டார்ச் எடுத்துட்டு டேபிளுக்கு அடியில குனிஞ்சு பாருங்க, மேல பார்க்குறதுக்கு முன்னாடியே. எட்டடி டேபிள்ல பெரும்பாலும் மூணு துண்டு கல் இருக்கும், அந்த மூணும் சேர்ற இடத்துக்கு கீழ மரச்சட்டம் ஒழுங்கா தாங்குதா, ஸ்க்ரூ ஓட்டை பக்கத்துல கல்லு விரிசல் விட்டிருக்கா, சட்டத்துல கரையான் அரிச்ச தடம் இருக்கானு பாருங்க. கல்லோட கனத்தையும் அங்கேயே ஓரத்துல ஸ்கேல் வச்சு அளந்துடலாம். போட்டி டேபிளுக்கு உலக பூல் பில்லியர்ட் சங்கத்தோட விதி குறைஞ்சது 1 இன்ச் கனம் கேக்குது, வீட்டுக்கு முக்கால் இன்ச் இருந்தாலும் ஓடும்.

அடுத்தது குஷன். இதுலதான் நிறைய பேரு ஏமாறுறாங்க, ஏன்னா துணிக்குள்ள இருக்குற ரப்பர் வெளிய தெரியாது. ஒரு பந்தை எடுத்து ஒவ்வொரு பக்கமும் அடிச்சு விட்டுப் பாருங்க, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி திரும்பி வரணும். ஒரு இடத்துல மட்டும் டொக்குனு செத்த சத்தம் வந்து பந்து சோர்ந்து திரும்புச்சுன்னா அங்க ரப்பர் விட்டுப்போச்சு, இல்லேன்னா கல்லா இறுகிப்போச்சு. நல்ல டேபிள்ல ஒரு முனையில இருந்து நேரா பலமா அடிச்சா பந்து டேபிளோட நீளத்தை நாலு தடவையாவது கடந்துட்டுதான் நிக்கணும். இன்னொண்ணு, யாராவது நடுவுல தப்பான ரப்பரை மாத்தி ஒட்டியிருப்பாங்க. பந்தோட விட்டம் 57.15 மில்லிமீட்டர், குஷனோட மூக்கு (பந்து மோதுற துருத்தின முனை) அதுல 63.5 சதவீத உயரத்துல, அதாவது தரையில இருந்து சுமார் 36 மில்லிமீட்டர்ல இருக்கணும் (தரைனா டேபிள் தரைதான், வீட்டுத் தரை இல்ல). இது ரொம்ப கீழ இருந்தா வேகமா போற பந்து எகிறும், ரொம்ப மேல இருந்தா பந்தை அமுக்கிப் பிடிக்கும்.

துணி கிழிஞ்சிருக்குறதை நீங்க குறையா பார்க்க வேணாம், அதைக் காட்டி விலையைக் குறைங்க. எப்படியும் டேபிளைக் கழட்டி உங்க வீட்ல பூட்டும்போது புதுத்துணிதான் போடணும், நல்ல துணியா இருந்தாலும் கழட்டி மறுபடி இழுத்துப் போட்டா முன்ன மாதிரி உக்காராது.

கேள்வி: எங்க ரூம் 12க்கு 15 அடி. எட்டடி டேபிள் தாராளமா போகும்னு கடைக்காரர் சொல்றாரு, உண்மையா?

பதில்: டேபிள் போகும், நீங்க ஆட முடியாது! எட்டடி டேபிள்ல ஆடுற பரப்பு 44க்கு 88 இன்ச். சாதாரண க்யூ (பந்தைத் தட்டுற குச்சி) 58 இன்ச் நீளம். குஷனை ஒட்டி நிக்கிற பந்தை அடிக்கணும்னா க்யூ முழுசும் வெளிப்பக்கம் நீட்டணும், ரெண்டு பக்கமும் சேர்த்து கூட்டினா 160க்கு 204 இன்ச், அதாவது 13 அடி 4 இன்ச்சுக்கு 17 அடி, அதுக்கு மேல கையை பின்னால இழுக்க இடம் வேற. உங்க ரூம்ல ஏழடி டேபிளே முழு க்யூவுக்கு இடிக்கும். ஏழடி டேபிளும் 48 இன்ச் குட்டை க்யூவும்னா 11 அடி 3 இன்ச்சுக்கு 14 அடி 6 இன்ச்ல அடங்கிடும், ஆனா சுவர் பக்கம் மிஞ்சுறது மூணு நாலு இன்ச்தான், ஓரத்துல நிக்கிற பந்தை மெதுவாதான் தட்டணும். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி தரையில டேப் ஒட்டி டேபிள் அளவை வரைஞ்சு, ஒரு குச்சியை வச்சு நாலு பக்கமும் சும்மா அடிச்சுப் பாருங்க. அலமாரி, தூண், உள்பக்கமா திறக்குற கதவு எல்லாம் அப்பதான் கண்ணுல படும்.

கேள்வி: நண்பர் வீடு மாறுறாரு, அவரோட எட்டடி டேபிளை சும்மாவே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. நாலு பசங்களைக் கூட்டிட்டுப் போய் அப்படியே தூக்கிட்டு வந்துடலாமா அண்ணே?

பதில்: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க, இந்த மாட்டுக்கு கட்டாயம் பார்க்கணும் தம்பி. ஸ்லேட் டேபிள்னா மொத்தமா முந்நூத்தம்பது கிலோவுக்கு மேல வரும், கல்லு ஒரு துண்டே சுமார் 70 கிலோ. அப்படியே தூக்குனா சட்டம் முறுக்கிக்கும், கல்லு இணைப்புல விரியும், யாரு முதுகாவது போகும். பாக்கெட், ரெயில் (குஷன் ஒட்டியிருக்குற ஓரச்சட்டம்), துணி, கல்லுனு வரிசையா கழட்டி, எந்தக் கல்லு எந்தப் பக்கம்னு அடியில நம்பர் போட்டு, கல்லை எப்பவும் செங்குத்தா பக்கவாட்டுலதான் தூக்கணும், படுக்கப்போட்டு தூக்குனா நடுவுல முறியும். புது இடத்துல ரசமட்டம் வச்சு கல்லுக்கு அடியில மெல்லிய ஆப்பு சொருகி சமம் பண்ணி, இணைப்புல தேன்மெழுகு உருக்கி ஊத்தி சுரண்டி வழவழப்பாக்கணும், அப்புறம்தான் துணி. இதை தெரிஞ்ச ஆளு கையில விடுங்க. கழட்டி பூட்டுற கூலி, வண்டி, புதுத்துணி, ஒருவேளை ஆறு குஷனுக்கும் ரப்பர், எல்லாத்தையும் கூட்டிப் பார்த்துட்டு ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் டேபிளைப் பூட்டிக் குடுக்க என்ன ஆகும்னும் கேளுங்க, பல நேரம் ஓசி டேபிள்தான் அதிகம் இழுக்கும். நாணயம் போட்டாதான் பந்து வெளிய வர்ற, காசு போடுற டேபிளா இருந்தா அதுல ஒரே கல்லு, எடை இன்னும் மோசம்.

கேள்வி: மாடியில வைக்கலாமா?

பதில்: கான்கிரீட் தளம்னா பொதுவா தாங்கும், ஆனா மொத்த பாரமும் கால் பதியுற சின்ன இடங்கள்ல இறங்கும், அதனால வீட்டைக் கட்டின இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மரத்தளம்னா கேக்காம வைக்கவே வேணாம். படிக்கட்டு திருப்பத்துல கல்லு திரும்புமானும் பாருங்க.

கேள்வி: புதுத்துணி போடணும், கடையில ரெண்டு வகை காட்டுறாங்க, ஒண்ணு சொரசொரப்பா இருக்கு, ஒண்ணு வழுவழுன்னு இருக்கு, விலை ரொம்ப வித்தியாசம். எதைப் போட?

பதில்: சொரசொரப்பா இருக்குறது சாதா கம்பளித் துணி, அதுல பந்து மெதுவா ஓடும், நாளாக நாளாக பொடி உருண்டை கட்டும். வழுவழுப்பானது வொர்ஸ்டெட், சீவி முறுக்குன நூல்ல நெய்தது, போட்டிகள்ல போடுறது இதைத்தான், பந்து பறக்கும். சின்னப் பசங்க பழகப் போறாங்க, க்யூவால துணியைக் குத்தப் போறாங்கன்னா இப்போதைக்கு சாதாவே போதும், கை பழகினதும் மாத்திக்கலாம்.

கேள்வி: பழைய டேபிளோட பந்தும் சேர்த்துத் தர்றாங்க, அதையே வச்சுக்கலாமா?

பதில்: வெள்ளைப் பந்தை மத்த பந்துகளோட ஒட்டி வரிசையா வச்சு மேல ஒரு நேரான ஸ்கேலை வைங்க, ஸ்கேல் ஆடினா அளவு ஒண்ணா இல்ல. காசு போடுற டேபிள்ல இருந்து வந்த செட்டுன்னா வெள்ளைப் பந்து மட்டும் பெருசா இருக்க வாய்ப்பு இருக்கு, உள்ள விழுந்த பந்துகள்ல அதை மட்டும் மெஷின் பிரிச்சு வெளிய அனுப்புறதுக்காக அப்படி செஞ்சிருப்பாங்க. புதுசா வாங்குறதா இருந்தா ஃபீனாலிக் ரெசின் (ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்) பந்தா கேட்டு வாங்குங்க, பாலியெஸ்டர் பந்து விலை கம்மிதான் ஆனா சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிடும், துணியையும் சீக்கிரம் தேய்ச்சுடும்.