பனிப்புயல் ஓய்ந்து எத்தனை நாள் கழித்து மலைச்சரிவில் ஏறலாம்?

நாளை எண்ணிப் பயனில்லை. ஏறப்போகும் சரிவு எத்தனை டிகிரி, அதன் தலைக்குமேல் இருப்பது எத்தனை டிகிரி என்று பாருங்கள்.

பனிச்சரிவுகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு என்ற வகைதான். பழைய பனியின்மேல் வலுவற்ற மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதன்மேல் புயல் கொட்டிய பனி இறுகிப் பலகைபோல் உட்கார்ந்துவிடும். உங்கள் எடையில் அந்தப் படலம் ஓரிடத்தில் நொறுங்கினால் போதும். நொறுங்கல் கண நேரத்தில் பரவி, பலகை முழுதும் உங்களோடு கிளம்பும். சிக்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிடுவது அவரேதான், அல்லது கூட வந்தவர்.

24 மணி நேரத்தில் 30 செ.மீ., அல்லது மணிக்கு 2.5 செ.மீ. வீதம் சில மணி நேரம் பெய்தாலே ஆபத்து. காற்று அதைவிட மோசம். ஒரு பக்கத்துப் பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொட்டும், அதுவும் வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாக. ஆகவே வானம் வெளுத்தும் முகட்டில் பனித்தூள் பறந்தால், காற்றுமறைவுப் பக்கத்துக்குப் புயல் இன்னும் ஓயவில்லை.

புதுப்பனி தனக்குள் இறுக ஓரிரு நாள் போதும். "ரெண்டு நாள் பொறுத்தா சரியாயிடும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. ஆனால் அடியில் சர்க்கரைபோல் உதிரும் பனிமணிகளோ, தெளிந்த இரவில் மேற்பரப்பில் பூத்துப் பிறகு புதைந்த உறைபனிப் படிகங்களோ இருந்தால், அந்தப் படலம் வாரக்கணக்கில் பலவீனமாகவே கிடக்கும்.

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன; 38 டிகிரியை ஒட்டித்தான் அதிகம். கண்ணளவை நம்பாமல், ஊன்றுகோலைச் சரிவின்மேல் படுக்கவைத்துச் சாய்வுமானியால் அளந்துகொள்ளுங்கள். இதில் பலர் தவறுவது ஓரிடத்தில்: தாங்கள் நிற்பது 20 டிகிரி என்று நிம்மதியாக இருப்பார்கள், மேலே 37 டிகிரிச் சரிவு தொங்கிக்கொண்டிருக்கும். கீழே மிதித்தாலும் மேலே அறுந்து வரும்.

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை அறிவிப்பில் ஆபத்து நிலை 5-க்கு 3 என்று இருந்தால் அதை "நடுத்தரம்" என்று படிக்காதீர்கள். மனிதர் காலால் பனிச்சரிவு கிளம்ப நிறையவே வாய்ப்புள்ள நிலை அது. காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம், பனியில் ஓடும் விரிசல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் 30 டிகிரிக்குக் குறைந்த, தலைக்குமேலும் செங்குத்துச் சரிவு தொங்காத நிலத்துக்குத் திரும்பிவிடுங்கள். பள்ளம் தோண்டிப் படலத்தைச் சோதிப்பதெல்லாம் அதற்கப்புறம் வீண்வேலை.

ட்ரான்ஸீவர் (புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), துழாவுகம்பி (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), உலோக மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பிறகு சரசரவென்று இறங்குவதால், வெளியிலிருந்து வரும் மீட்புக்குழுவை நம்பிப் பயனில்லை. ட்ரான்ஸீவர் காட்டும் தூர எண் மிகக் குறைவாக இருக்கும் இடத்துக்கு வந்ததும், பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வட்டமாகக் கம்பியால் குத்திக்கொண்டே போங்கள். தட்டியதும் கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, சரிவின் கீழ்ப்பக்கமாக நகர்ந்து, அவரை நோக்கிக் கிடைமட்டமாகத் தோண்டுங்கள். நேர்மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சுவெளியை நீங்களே மிதித்து அடைத்துவிடுவீர்கள். செல்போனை ட்ரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளியே வையுங்கள், தேடும்போது 50 செ.மீ.