நாய்க்கு மூக்கில் ரத்தம் வருகிறது, அடுத்த வாரம் கருத்தடை ஆபரேஷன் குறித்திருக்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். அந்தத் தேதியைத் தள்ளிப் போடுங்கள், நாளைக் காலையில் முதல் வேலையாக ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வலங்கைமான் பக்கம், மூன்று வயதுப் பெண் நாய், நாலைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, காதுக்குள் உண்ணி இருக்கிறது, நேற்று மூக்கில் ரத்தம் வந்தது, வீட்டுப் பெரியவர்கள் வெயில் சூடு என்று மோர் ஊற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. நீடாமங்கலம் பக்கம் பல வருஷமாக நாய் வளர்க்கிறேன், உண்ணிக் காய்ச்சலில் ஒன்றைப் பறிகொடுத்தேன், அடுத்ததைக் காப்பாற்றினேன், அதற்காகப் படித்ததும் டாக்டர்களிடம் கேட்டதும்தான் இந்தப் பதில்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலைத்தான். நாயைக் கடிக்கிற பழுப்பு உண்ணி எர்லிக்கியா என்கிற கிருமியை ரத்தத்தில் விட்டுவிடும். டெங்குவில் நமக்குப் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, இறங்குகிற மாதிரி இதில் நாய்க்கு இறங்கும். நல்ல நாய்க்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது சில ஆயிரங்களுக்குப் போய்விடும், அப்போதுதான் மூக்கில் ரத்தம் வரும், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கருத்தடை ஆபரேஷன் என்றால் வயிற்றைத் திறந்து சினைப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்களைக் கட்டி அறுக்கிறார்கள், ரத்தம் உறையாத உடம்பில் அதைச் செய்தால் உள்ளேயே கசிந்துகொண்டிருக்கும். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தக் கிருமி மண்ணீரலில் ஒளிந்துகொண்டு மாசக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் கூட, வெளியே எதுவும் காட்டாமல் இருக்கும். நாய் நன்றாக ஓடும், தின்னும். அதனால் மூக்கில் ரத்தமே வராத நாயாக இருந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால் பிளேட்லெட் எண்ணிக்கை பார்த்துவிடுங்கள் என்று தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இது புதுசாக வந்த வியாதி இல்லை. எர்லிக்கியாவை 1935-ல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்தார்கள், வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கணக்கில் செத்த பிறகுதான் உலகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. அதே உண்ணி பரப்பக்கூடிய இன்னொரு கிருமி, சிவப்பணுவைத் தாக்குகிற பேபீசியா கிப்சோனி, நம் மெட்ராஸிலேயே 1910-ல் பேட்டன் என்கிற ஆராய்ச்சியாளர் வேட்டை நாய்களின் ரத்தத்தில் பார்த்து எழுதியது. அப்புறம் நரியின் ரத்தத்திலும் பார்த்திருக்கிறார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே நாய்க்கு இரண்டும் சேர்ந்து வரலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின் மட்டும் பேபீசியாவை அடக்காது. ஈறு வெளுத்துப்போய், சிறுநீர் காபி நிறத்தில் இருந்தால் பேபீசியாவையும் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

பரிசோதனை எளிதுதான். என் நாய்க்குக் காது மடல் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து குத்தி, வந்த சொட்டைக் கண்ணாடியில் வைத்து இன்னொரு கண்ணாடியால் இழுத்தார்கள், சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். சிவப்பணுவுக்குள்ளே சின்னதாக மோதிர வடிவில் இருந்தது பேபீசியா. எர்லிக்கியா அப்படிக் கண்ணில் படுவது ரொம்ப அபூர்வம், அதனால் 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் இல்லை என்று அர்த்தம் கிடையாது, பிளேட்லெட் எண்ணிக்கையையும் கிட் பரிசோதனையையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இதற்கு வசதி இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழி. 2012-ல் அது வருவதற்கு முன்னால் இந்த மாதிரி கேஸுக்கு நாமக்கல்லோ சென்னையோதான் யோசிக்க வேண்டியிருந்தது.

எர்லிக்கியாதான் என்று உறுதியானால் டாக்ஸிசைக்ளின் 28 நாள். அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நாய் எழுந்து வாலாட்டிச் சோறு கேட்கும், நிறையப் பேர் மாத்திரையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து நிறுத்தாதீர்கள், மிச்சமிருக்கும் கிருமி பின்னால் எலும்பு மஜ்ஜையைத் தாக்கினால் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இது இன்னும் மோசமாக வரும். மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் வாந்தி எடுக்கும், பாலில் வேண்டாம். காய்ச்சல் அடிக்கிறதே என்று வீட்டில் இருக்கிற பாராசிட்டமாலோ ஆஸ்பிரினோ புரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரினும் புரூஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும், பாராசிட்டமால் அளவு தப்பினால் ஈரலைக் கெடுக்கும்.

அடுத்தது வீடு. நாயை மட்டும் சுத்தம் செய்தால் பத்து நாளில் திரும்ப ஏறிவிடும். இந்த உண்ணி ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கிச் சுவரில் மேலே ஏறும், பெண் உண்ணி விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டருக்குப் பின்னாலும், திண்ணைத் தூண் ஓட்டோடு சேருகிற இடத்திலும் வரிசையாக இருந்தன. விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடைத்தோம், நாய் படுக்கிற சாக்கை எரித்தோம், மாத்திரையாகக் கொடுக்கிற உண்ணி மருந்தை டாக்டர் எழுதித் தந்தபடி தொடர்ந்து கொடுத்தோம். 2014 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்த மருந்து வகை அது, விலை கூடுதல்தான், ஆனால் கடிக்கிற உண்ணி செத்துவிழுவதைக் கண்ணால் பார்க்கலாம். நாய்மேல் மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்திருக்கிற மருந்தை நீங்களே கலந்து ஊற்றவும் வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் வகை, வீட்டில் பூனை இருந்தால் அதற்கு நடுக்கம் வந்து செத்தே போகும்.

ஆபரேஷன் எப்போது என்றால், மருந்து முடிந்து, திரும்ப ரத்தம் பார்த்து, பிளேட்லெட் இயல்புக்கு வந்த பிறகு. அவசரமே இல்லை, அதுவரை அடுத்த பருவம் வந்தால் ஆண் நாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு விதிவிலக்கு, கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது. பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாசத்துக்குள் நாய் தண்ணீராகக் குடித்து, சோர்ந்து, பின்னால் சீழ் கசிந்தால் (சமயத்தில் வெளியே வராமலும் இருக்கும்) அதைத் தள்ளிப்போட முடியாது, அப்போது ரத்தம் ஏற்றுகிற வசதி உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். உங்கள் நாய்க்குக் கடைசியாக எப்போது பருவம் வந்தது என்று எழுதவில்லை, டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்த ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.