ஸ்டெயின்லெஸ் பிஸ்டல் தேய்ஞ்சு போச்சா? கேளுங்க, சொல்லுதேன்

செங்கோட்டையில இருந்து எழுதுதேன். பாத்திரப் பட்டறையில பாலீஷ் வேல பாத்துட்டு, அப்புறம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில பினிஷிங் பாத்தவன். லைசென்ஸ் இருக்கறவங்க மட்டும் கேளுங்க.

புளியரை: அண்ணாச்சி, என் பாயிண்ட் 32 பிஸ்டல் தோல் உறையிலயே கிடந்து மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடு பூரா கீறல், டீக்கறை மாதிரி புள்ளி. வீட்டுல சரி பண்ணலாமா?

பண்ணலாம். முதல்ல குண்டு அடுக்குற மேகசினக் கழட்டி, ஸ்லைட இழுத்து, சுடுறதுக்கு முன்னால குண்டு உக்காருற சேம்பர கண்ணால பாருங்க, விரலாலயும் தொட்டுப் பாருங்க, குண்ட வேற ரூம்ல வைங்க. தோல் ஈரத்தப் புடிச்சு வச்சுக்கும், சாரல் சீசன்ல கேக்கவே வேண்டாம். ஸ்டெயின்லெஸ்னா துருவே வராதுன்னு இல்ல, குரோமியம் காத்தோட சேந்து மேல ஒரு மெல்லிய படலம் கட்டுது, உப்பும் வேர்வையும் அத உடைச்சிரும்.

ஸ்லைட தனியா எடுத்து எண்ணெய் தடவி, பச்சை ஸ்காட்ச் பிரைட்டால கம்பெனி போட்ட கோடு ஓடுற பக்கமே தேய்ங்க, வட்டமா தேய்ச்சீங்கன்னா போச்சு. ஆழமான கீறலுக்கு மட்டும் 400 நம்பர் வாட்டர் பேப்பர கட்டையில சுத்தி, அப்புறம் 600, கடைசியா திரும்ப ஸ்காட்ச் பிரைட். துப்பாக்கில வெட்டியிருக்கற சீரியல் நம்பர் மேல டேப் ஒட்டிருங்க. உள்ள ஸ்லைடு ஓடுற பள்ளத்தையும் பேரல் வாயையும் தொடவே கூடாது.

களியக்காவிளை: பஃபிங் வீல்ல கண்ணாடி மாதிரி ஆக்கலாமா?

வேண்டாம். ஓரம் மழுங்கும், எழுத்து அழியும்.

கம்பம்: பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார்?

கூடாது. இரும்புத்தூள் ஒட்டிக்கிட்டு அதுவே துருப்புடிக்கும்.

பாலக்காடு: அண்ணா, என் பிஸ்டல்ல காந்தம் ஒட்டுது, வீட்டு எவர்சில்வர் குண்டான்ல ஒட்டல. அப்ப இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்ல, ஏமாத்திட்டாங்க.

ஏமாத்தல. குண்டான் பெரும்பாலும் 304ங்கற ஸ்டெயின்லெஸ் ரகம், அதுல குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். அத சூடு பண்ணி கெட்டியாக்க முடியாது. துப்பாக்கிக்கு கெட்டியாகுற இரும்பு வேணும், அதனால 416 மாதிரி ரகம் போடுவாங்க, குரோமியம் 12ல இருந்து 14 வரைக்கும்தான். அது காந்தத்துல ஒட்டும்.

பாலக்காடு: நான் ஒத்துக்க மாட்டேன், ஒட்டாததுதான் அசல்.

சரி, குண்டான் விளிம்புல காந்தத்த வச்சுப் பாருங்க. அழுத்தி வளைச்ச இடம், அங்க லேசா இழுக்கும். அதே தகடு தானே, விளிம்பு மட்டும் போலியா? குரோமியம் கம்மிங்கறதாலதான் பிஸ்டலுக்கு குண்டான விட கவனிப்பு ஜாஸ்தி வேணும்னு சொல்லுதேன்.

தென்மலை: பாத்ரூம் ஆசிட்ல கறை போகுமா?

கறையோட மேல் படலமும் போகும். குழி விழும், திரும்ப சரியாகாது.

கூடலூர்: கம்பி நார்ல லேசா...

மேல சொல்லிட்டேன். லேசாவும் கூடாது.

புளியங்குடி: நம்பர் மங்கிருச்சு, ஆழமா வெட்டிக்கலாமா?

தொடாதீங்க! 1959 ஆயுதச் சட்டம் 8வது பிரிவு. நம்பர் அழிஞ்ச துப்பாக்கி யார் கையில இருக்கோ அவரே அழிச்சதாதான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு நீங்கதான் நிரூபிக்கணும். லைசென்ஸ் குடுத்த ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. எல்லாருக்கும் திரும்பச் சொல்லுதேன், நம்பர் மேல டேப்.

கொழிஞ்சாம்பாறை: கம்பி நாருக்குப் பதிலா கம்பி பிரஷ்?

அதுவும் இரும்புதானய்யா. ஸ்காட்ச் பிரைட், ஸ்காட்ச் பிரைட்.

பாலக்காடு: அண்ணா, விளிம்புல வச்சேன். இழுக்குது.

சந்தோசம். பிஸ்டல துடைச்சு மெல்லிசா எண்ணெய் தடவி, தோல் உறைய விட்டு வெளிய எடுத்துப் பூட்டி வைங்க. மழ முடியற வரைக்கும் வாரம் ஒருக்கா பாருங்க. எடுக்கும்போதெல்லாம் சேம்பரப் பாருங்க.