பிறந்ததுல இருந்தே சளி, இதயம் வலது பக்கம்: சிலியாவ செக் பண்ணுங்க

பையனுக்கு 6 வயசு, பிறந்த வாரத்துல இருந்தே சளி இருமல் விடல, எக்ஸ்ரேல இதயம் வலது பக்கம், ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேட்டிருக்கீங்க. உண்டுங்க. மூச்சுக்குழாய்ல சளிய மேல தள்ளுற குட்டி முடி மாதிரி சிலியா இருக்குல்ல, கருவுலயும் அதே மாதிரி சிலியா சுழன்று திரவத்த இடது பக்கமா ஓட்டித்தான் எந்த உறுப்பு எந்தப் பக்கம்னு முடிவாகுது, அது அசையலன்னா பாதிக்குப் பாதி சான்ஸ்தான், அதான் பிரைமரி சிலியரி டிஸ்கைனீசியா, அதாவது பிறவியிலேயே சிலியா சரியா அசையாத நோய், உள்ளவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு உறுப்புகள் பக்கம் மாறியிருக்கு. வெறும் ஆஸ்துமான்னு விட்டுடாதீங்க ப்ளீஸ். குழந்தைகள் நுரையீரல் டாக்டர்கிட்ட மூக்குல எடுக்குற நைட்ரிக் ஆக்சைடு டெஸ்ட், ஜீன் டெஸ்ட் பத்தி கேளுங்க, ஜீன் டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் நோய் இல்லன்னு ஆகிடாது. காது நல்லா கேக்குதான்னும் பாத்துடுங்க. இருமல அடக்குற மருந்து மட்டும் நீங்களா குடுக்காதீங்க, சிலியா செய்யாத வேலைய இப்ப அந்த இருமல்தான் செய்யுது.